வளையும் மேற்பரப்புகளைப் பொருத்துவது எப்படி: பெங்களூருவில் புதிதாகத் தொடங்குபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பெங்களூருவில் வேலைக்கோ ஆய்வுக்கோ வந்து சேரும் நம் ஊர்ப் பிள்ளைகள் பலரின் மேசைக்கு இப்போது இந்த வேலை வருகிறது. ஆடை அளவு, செயற்கைக் கால், அனிமேஷன் என்று துறை எதுவானாலும் கேள்வி ஒன்றுதான். ஒரே ஆளை நிற்கும்போது ஒரு ஸ்கேன், குனியும்போது ஒரு ஸ்கேன் எடுத்திருக்கிறோம். முதல் ஸ்கேனில் முழங்கையில் இருக்கும் புள்ளி இரண்டாவதில் எங்கே இருக்கிறது? உடல் வளைகிறது, தோல் இழுபடுகிறது, ஸ்கேன் நமக்குக் கிடைப்பது மெஷ்ஷாக, அதாவது முக்கோணங்களால் ஆன வலையாக; இரண்டு மெஷ்ஷிலும் முனைகளின் (முக்கோண மூலைகளின்) எண்ணிக்கைகூட ஒன்றாக இருப்பதில்லை.

ஆய்வுக் கட்டுரைகளில் சூத்திரம் கிடைக்கும். எதை முதலில் செய்வது, எந்த அனுமதிக்கு முன்கூட்டியே எழுதுவது, எங்கே ரேம் தீர்ந்துபோகும் என்பது அங்கே கிடைக்காது. அதைத் தட்டுத் தடுமாறித்தான் கற்றுக்கொண்டேன். நீங்களும் அதே இடங்களில் முட்டிக்கொண்டு நிற்க வேண்டாம் என்பதற்காக எழுதுகிறேன். பைத்தான் தெரியும், அணிகள் பற்றிக் கல்லூரியில் படித்தது கொஞ்சம் நினைவிருக்கிறது என்று வைத்துக்கொள்கிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நியூரல் நெட்வொர்க் பக்கம் போவதற்கு முன், ஒரே ஒரு சோடி மெஷ்ஷை எடுத்து ஆரம்பம் முதல் கடைசி வரை நீங்களே பொருத்திப் பாருங்கள். கீழே உள்ள வரிசை அதற்காகத்தான்.

1. உங்களிடம் கேட்கப்படுவது எது என்று பிரித்துக்கொள்ளுங்கள்

இரண்டு வேலைகளை ஒரே பெயரில் அழைக்கிறார்கள். ஒரு மெஷ்ஷின் ஒவ்வொரு முனைக்கும் மற்றொன்றில் இணை முனை எது என்று கண்டுபிடிப்பது பொருத்துதல். ஒரு மாதிரி மெஷ்ஷை வளைத்து வளைத்து ஸ்கேன் மேல் அப்படியே உட்கார வைப்பது சீரமைத்தல், அலுவலகத்தில் ரெஜிஸ்ட்ரேஷன் என்பார்கள். இடுப்புச் சுற்றளவு வேண்டும், நூறு பேரின் உடலை ஒரே அமைப்பில் வைத்து ஒப்பிட வேண்டும் என்றால் உங்களுக்குத் தேவை சீரமைத்தல். ஒரு மெஷ்ஷில் குறித்த தசைப் பகுதிகளை இன்னொன்றுக்குக் கடத்தினால் போதும் என்றால் பொருத்துதலோடு நிறுத்திக்கொள்ளலாம்.

அப்புறம் மேலதிகாரியிடம் இன்னும் மூன்று கேள்விகள் கேளுங்கள். மேற்பரப்பு வளைய மட்டும் செய்கிறதா, ரப்பர் போல இழுபடவும் செய்கிறதா? ஸ்கேன் முழுமையா, பாதிதானா? உடலின் பகுதிகள் ஒன்றோடொன்று தொட்டுக்கொள்கின்றனவா? கடைசிக் கேள்வியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். புடவை கட்டியவரை ஸ்கேன் செய்தால் கொசுவ மடிப்புகள் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே தகடாக வரும். கீழே வரும் முறைகளில் பாதி அங்கே வேலை செய்யாது. உடலோடு ஒட்டிய ஆடைதான் வேண்டும் என்று முதல் நாளே கேட்டு வாங்குங்கள்.

2. ஆவணங்களை முதல் நாளே தொடங்குங்கள்

நிரல் எழுதுவதை விட அனுமதிக்குக் காத்திருப்பதில்தான் அதிக நாள் போகும். அதனால் இதை முதலில் முடியுங்கள்.

பயிற்சிக்கு உகந்தது ஃபாவுஸ்ட் தொகுப்பு. ஜெர்மனியின் மாக்ஸ் பிளாங்க் நிறுவனம் 2014இல் வெளியிட்டது. 10 பேர், 30 நிலைகள், மொத்தம் 300 ஸ்கேன்கள். இவற்றில் பயிற்சிக்கான 100 ஸ்கேன்களுக்குச் சரியான விடையும் சேர்த்தே கிடைக்கும். தளத்தில் கணக்குத் தொடங்கி உரிமத்தை ஏற்றால்தான் இறக்க முடியும். கல்லூரி அல்லது ஆய்வக மின்னஞ்சல் இருந்தால் அதையே கொடுங்கள். ஒரே ஆளின் 71 நிலைகள் கொண்ட ஸ்கேப் தொகுப்பும், பூனை, குதிரை போன்ற செயற்கை உருவங்கள் உள்ள டோஸ்காவும் அடுத்த கட்டத்துக்குப் போதும். சில முகத் தொகுப்புகளுக்குப் பேராசிரியர் கையெழுத்திட்ட ஒப்பந்தம் கேட்பார்கள். மாணவர் கையெழுத்து செல்லாது. வழிகாட்டி ஊரில் இருக்கும்போதே வாங்கி வையுங்கள்.

இங்கே பெரிய பொறி உரிமம். ஃபாவுஸ்ட்டும், எஸ்எம்பிஎல் என்ற உடல் மாதிரியும் வணிகம் சாராத ஆய்வுக்கு மட்டுமே இலவசம். நிறுவனத்தில் வேலை பார்ப்பவர் வீட்டு மடிக்கணினியில் இறக்கி, அதில் பயிற்றுவித்த நெட்வொர்க்கை அலுவலகத்தில் பயன்படுத்துவது அந்த உரிமத்துக்குள் வராது. எஸ்எம்பிஎல்லுக்குத் தனியாக வணிக உரிமம் விற்கிறார்கள், அதை நிறுவனம்தான் வாங்க வேண்டும். நிரலுக்கும் இதே கவனம் வேண்டும். மெஷ்களைக் கையாளும் நூலகங்களான ஓப்பன்3டி, ட்ரைமெஷ் இரண்டும் எம்ஐடி உரிமம், தாராளமாகப் பயன்படுத்தலாம். மெஷ்ஷைத் திறந்து திருத்தும் மெஷ்லேப் மென்பொருள் ஜிபிஎல் உரிமத்தில் வருகிறது, அதன் நிரலைப் பொருளுக்குள் சேர்ப்பதற்கு முன் நிறுவனத்தின் சட்டப் பிரிவைக் கேளுங்கள். உரிமக் கோப்பே இல்லாத நிரல் இணையத்தில் திறந்து கிடந்தாலும் அதை எடுத்துப் பயன்படுத்த உங்களுக்கு உரிமை கிடையாது.

நீங்களே ஆட்களை ஸ்கேன் செய்யப் போகிறீர்கள் என்றால் எழுத்துப்பூர்வ ஒப்புதல் வாங்குங்கள். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, ஒப்புதல் கேட்கும் அறிவிப்பை ஆங்கிலத்திலோ அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள எந்த மொழியிலோ படிக்கும் வாய்ப்பை அவருக்குத் தர வேண்டும். இந்த ஊரில் கன்னடம், தமிழ், உருது, தெலுங்கு நான்கிலும் ஒரு பக்கப் படிவம் தயாராக வைத்திருப்பது நல்லது. கொடுத்த ஒப்புதலை அவர் திரும்பப் பெறலாம். 18 வயதுக்குக் கீழே என்றால் பெற்றோர் ஒப்புதல் கட்டாயம். கோப்பின் பெயரில் ஆளின் பெயரை எழுதாதீர்கள். எண் கொடுத்து, எந்த எண் யாருடையது என்ற பட்டியலைத் தனியாகப் பூட்டி வையுங்கள். முகம் தேவையில்லாத வேலை என்றால் கழுத்துக்கு மேலே வெட்டிவிட்டே சேமியுங்கள். நம்மை நம்பி உடலைக் காட்டி நிற்பவருக்கு இவ்வளவாவது செய்தாக வேண்டும்.

3. கணினியும் செலவும்

பொருத்துதலின் பழைய முறைகளுக்கு ஜிபியு தேவையே இல்லை. 16 ஜிபி ரேம் உள்ள சாதாரண மடிக்கணினி போதும், 32 இருந்தால் நிம்மதி. எஸ்பி ரோட்டில் ரேம் வாங்கப் போகிறவர்கள் மடிக்கணினியில் காலி ஸ்லாட் இருக்கிறதா, ரேம் பலகையோடு பற்றவைக்கப்பட்டதா என்று பார்த்துவிட்டுப் போங்கள். பில்லில் வரிசை எண்ணை எழுதி வாங்குங்கள்.

ரேம் எங்கே தீரும் என்பதைக் கணக்குப் போட்டே தெரிந்துகொள்ளலாம். மேற்பரப்பின் மேலேயே நடந்து போனால் ஒரு முனையிலிருந்து இன்னொன்றுக்கு எவ்வளவு தூரம் என்பதை ஜியோடெசிக் தூரம் என்கிறோம். எல்லா முனைச் சோடிகளுக்கும் அதை ஓர் எண்ணுக்கு 8 பைட் வீதம் ஓர் அணியில் வைத்தால், ஃபாவுஸ்ட்டின் 6,890 முனை மெஷ்ஷுக்குச் சுமார் 380 எம்பி ஆகும். 12,500 முனைகளுக்கு 1.25 ஜிபி. ஒன்றரை லட்சத்துக்கு மேல் முனைகள் உள்ள, இன்னும் கை வைக்காத மூல ஸ்கேனுக்கு அதையே செய்யச் சொன்னால் நூற்று எண்பது ஜிபி தாண்டும், கணினி உறைந்து நிற்கும். முதலில் முனைகளைக் குறைத்துவிட்டுத்தான் கணக்கிட வேண்டும்.

ஜிபியு வேண்டும் என்று வரும்போது கூகுள் கோலாபின் இலவச வசதியில் ஆரம்பியுங்கள். ஓர் அமர்வு அதிகபட்சம் 12 மணி நேரம், பல நேரம் அதற்கு முன்பே அறுந்துவிடும். அமர்வு முடிந்தால் அதிலிருந்த கோப்புகளும் போய்விடும். பாதி வழியில் கிடைத்தவற்றை டிரைவில் சேமித்துக்கொண்டே போங்கள். அதிகம் தேவைப்படும் மாணவர்கள் இந்திய அரசின் இந்தியாஏஐ இயக்கம் மானிய விலையில் தரும் ஜிபியு நேரத்துக்கு விண்ணப்பிக்கலாம். வீட்டுக் கணினியிலேயே ஓட்டினால் மின்சாரச் செலவு பயப்படும் அளவு இல்லை. 300 வாட் இழுக்கும் கணினி 10 மணி நேரம் ஓடினால் 3 யூனிட், யூனிட்டுக்கு ஏறத்தாழ 6 ரூபாய் என்றால் 18 ரூபாய். மழைக்காலத்தில் மின்வெட்டு வரும் என்பதால் யூபிஎஸ்ஸுக்குச் செலவழிப்பது நியாயமானது.

4. மெஷ்ஷைச் சுத்தம் செய்யுங்கள்

பிற்பாடு வரும் சிக்கல்களில் பெரும்பாலானவற்றின் வேர் இங்கேதான். மெஷ்லேபில் திறந்து இவற்றைப் பாருங்கள்: தனியே மிதக்கும் துணுக்குகள், ஒரே இடத்தில் இரண்டு முனைகள், மூன்று முக்கோணங்கள் பகிரும் விளிம்புகள், ஊசி போல நீண்ட முக்கோணங்கள், ஓட்டைகள். பிறகு 5,000 முனை அளவுக்கு, முக்கோணங்கள் ஏறக்குறைய ஒரே அளவில் வரும்படி மறுவலை செய்யுங்கள், அதாவது அதே உருவத்துக்குப் புதிய முக்கோண வலை போடுங்கள்.

கண்ணால் பார்த்தால் மட்டும் போதாது, ஒரு சோதனை சொல்கிறேன். ஒரு முனையின் மதிப்பு பக்கத்து முனைகளின் சராசரியிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்று சொல்லும் அணிதான் லாப்லாசியன். மெஷ்ஷுக்கு அதைக் கணக்கிட்டு அதன் ஐகன் மதிப்புகளில் சிறிய பத்தை அச்சிடுங்கள். முதல் மதிப்பு பூஜ்யமாக இருக்கும், அது சரி. இரண்டாவதும் பூஜ்யத்துக்கு ஒட்டி வந்தால் உங்கள் மெஷ் ஒரு துண்டு இல்லை, இரண்டு. மூன்று பூஜ்யம் என்றால் மூன்று துண்டு. காதோரம் பிய்ந்து மிதக்கும் பத்து முக்கோணங்களைக்கூட இது காட்டிக்கொடுத்துவிடும்.

ஐகன் மதிப்புகளைச் சைபை என்ற பைத்தான் நூலகத்தில் எடுக்கும்போது, மிகச் சிறியவற்றை நேரடியாகக் கேட்டால் நெடுநேரம் சுற்றிக்கொண்டே இருக்கும். சிக்மா என்ற அளவுருவுக்கு −0.01 போன்ற சிறிய எண்ணைக் கொடுத்து, அதன் அருகில் உள்ளவற்றைக் கேளுங்கள். 5,000 முனை மெஷ்ஷுக்கு 100 மதிப்புகள் சில விநாடிகளில் வந்துவிடும். மெஷ் மோசமாக இருந்தால் ‘ரோபஸ்ட் லாப்லாசியன்’ என்ற சிறிய நூலகத்தைப் பயன்படுத்துங்கள். கோணல் முக்கோணங்களையும், விளிம்பு பிசகிய மெஷ்ஷையும் அது தாங்கும்.

தொடையில் கை ஒட்டிய ஸ்கேனை மட்டும் எந்த நூலகமும் சரி செய்யாது. விரல் நுனியிலிருந்து தொடைக்குக் குறுக்குவழி உண்டாகி எல்லாத் தூரங்களும் தவறாகும். அந்த முக்கோணங்களைக் கையால் வெட்டிப் பிரியுங்கள், அல்லது கையைச் சற்று விலக்கி நிற்கச் சொல்லித் திரும்ப ஸ்கேன் எடுங்கள்.

5. அளவும் திசையும்

சில ஸ்கேனர்கள் மில்லிமீட்டரில் கொடுக்கும், ஃபாவுஸ்ட் மீட்டரில் இருக்கிறது. இரண்டு மெஷ்ஷையும் மொத்தப் பரப்பு 1 ஆகும்படி சுருக்கிக்கொள்ளுங்கள், சுருக்கிய விகிதத்தை எழுதி வையுங்கள். எது மேல்பக்கம் என்பதிலும் கோப்புக்குக் கோப்பு வேறுபாடு உண்டு. இரண்டையும் ஒரே சன்னலில் பாலிஸ்கோப் என்ற மெஷ் காட்டும் நூலகம் கொண்டு திறந்து பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

6. ஃபங்ஷனல் மேப் போடுங்கள்

முனைக்கு முனை தேடுவது பெரிய வேலை. 2012இல் ஓவ்ஸ்ஜனிகோவ் குழுவினர் வேறு வழி காட்டினார்கள். ஒவ்வொரு மெஷ்ஷுக்கும் லாப்லாசியனின் முதல் 30 ஐகன் சார்புகளை (ஐகன் மதிப்புகளோடு சேர்ந்து வரும் வெக்டர்கள்) எடுத்துக்கொண்டால், ஒரு மெஷ்ஷின் மேல் வரைந்த எந்த மென்மையான சார்பையும், அதாவது முனைக்கு ஓர் எண் என்று தருவதை, 30 எண்களால் ஏறக்குறைய சொல்லிவிடலாம். பொருத்தம் என்பது அந்த 30 எண்களை மற்ற மெஷ்ஷின் 30 எண்களாக மாற்றும் ஓர் அணி, அதுதான் ஃபங்ஷனல் மேப். ஆயிரக்கணக்கான முனைகளுக்குப் பதில் 900 எண்களைக் கண்டுபிடித்தால் போதும். பைஎஃப்எம் என்ற பைத்தான் நூலகத்தில் இது தயாராக இருக்கிறது.

அந்த அணியைத் தீர்மானிக்க, இரண்டு மெஷ்ஷிலும் ஒத்துப்போக வேண்டிய சில விவரிப்பான்கள் வேண்டும். டபிள்யூகேஎஸ் என்ற அலை முத்திரையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு முனையைச் சுற்றி மேற்பரப்பு எப்படி இருக்கிறது என்பதை அது எண்களாகச் சொல்லும். உடல் வளைந்தாலும் அதிகம் மாறாது.

கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இந்த முத்திரைக்கு இடது வலது தெரியாது. இடது கையும் வலது கையும் மேற்பரப்பில் ஒரே மாதிரி இருப்பதால் இரண்டுக்கும் ஒரே எண்கள் வரும். அதைச் சொல்லத்தான் லேண்ட்மார்க், அதாவது இரண்டு மெஷ்ஷிலும் ஒரே இடம் என்று நாமே கையால் குறிக்கும் புள்ளிகள், வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் அல்சூரில் என் அறைக்கு வரும் தம்பி ஒருவன் இதில் மாட்டிக்கொண்டு வந்தான்.

“அண்ணா, எரர் நல்லாக் குறைஞ்சிருச்சு. ஆனா படத்துல கை மாறிப் போகுது.”

“லேண்ட்மார்க் எங்கெங்க வெச்ச?”

“தலை உச்சி, தொப்புள், முதுகு.”

“மூணும் நடுக்கோட்டுலயே இருக்கேப்பா. அது எப்படி இடது வலது சொல்லும்?”

இடது மணிக்கட்டையும் வலது மணிக்கட்டையும் சேர்த்ததும் சரியாகிவிட்டது. மனித உடலுக்குத் தலை, இரண்டு மணிக்கட்டு, இரண்டு கணுக்கால் என்று ஐந்து புள்ளிகளைக் கையால் குறியுங்கள். குறிக்கச் சில நிமிடங்கள்தான் ஆகும்.

கிடைத்த அணியைப் படமாக வரைந்து பாருங்கள். உருவம் இழுபடாமல் வளைந்திருந்தால் மதிப்புகள் மூலைவிட்டத்தை ஒட்டிக் குவிந்திருக்கும். எங்கும் சிதறிக் கிடந்தால் விவரிப்பானோ மெஷ்ஷோ தவறு, நான்காம் படிக்குத் திரும்புங்கள். மூலைவிட்டத்தில் மிகையும் குறையுமாக எண்கள் கலந்து வந்தால் அது பிழை இல்லை. ஐகன் சார்புகளின் குறி எப்போதும் எப்படியும் புரளலாம்.

7. ஸூம்அவுட் கொண்டு கூர்மையாக்குங்கள்

30 சார்புகளால் கிடைப்பது மங்கலான பொருத்தம். 2019இல் வந்த ஸூம்அவுட் முறை மிக எளிமையானது: அணியிலிருந்து முனைப் பொருத்தத்தை எடுங்கள், அந்தப் பொருத்தத்திலிருந்து சற்றே பெரிய அணியைக் கட்டுங்கள், திரும்பவும் அதையே செய்யுங்கள். 30, 35, 40 என்று ஏறி 120 வரை போகலாம். நிரல் பத்து வரிக்குள் அடங்கும், அதனால் நூலகத்தில் இருந்தாலும் ஒரு முறை நீங்களே எழுதிப் பாருங்கள். ஆரம்பப் பொருத்தத்தில் இடது வலது மாறியிருந்தால் ஸூம்அவுட் அந்தத் தவறையே அழகாகக் கூர்மையாக்கிக் கொடுக்கும் என்பதை மறக்காதீர்கள்.

8. சீரமைத்தல் வேண்டுமென்றால்

இப்போது மாதிரி மெஷ்ஷை ஸ்கேன் மேல் உட்கார வைக்க வேண்டும். முதலில் வளைக்காமல், திருப்பி நகர்த்தி மட்டும் சேருங்கள். 1992இலிருந்து புழங்கும் ஐசிபி அதற்குப் போதும்: ஒவ்வொரு முனைக்கும் மிக அருகில் உள்ள புள்ளியைத் தேடி, அதை நோக்கி மெஷ்ஷை நகர்த்தி, திரும்பத் திரும்ப அதையே செய்யும் முறை. பிறகு வளையும் ஐசிபி. இதில் மூன்று விசைகள் ஒன்றையொன்று இழுக்கின்றன: ஸ்கேனை நோக்கிப் போகச் சொல்வது, பக்கத்து முனைகள் சேர்ந்தே நகரச் சொல்வது (இதுதான் விறைப்பு), நீங்கள் குறித்த லேண்ட்மார்க்குகளை விடாமல் பிடிப்பது.

விறைப்பின் எடையை அதிகமாக வைத்துத் தொடங்கி, படிப்படியாகக் குறையுங்கள். ஆரம்பத்திலேயே குறைத்துவிட்டால் ஒவ்வொரு முனையும் தனக்குப் பக்கத்தில் கிடைத்த இடத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். விரல்கள் ஒன்றோடொன்று பின்னிவிடும். இரண்டு வடிகட்டிகள் கட்டாயம். இணை முனைகளில் மேற்பரப்புக்குச் செங்குத்தான திசைகள் 60 பாகைக்கு மேல் மாறினால் அந்த இணையை விடுங்கள். இல்லையென்றால் மார்பு முனை முதுகில் போய் ஒட்டும். ஸ்கேனின் ஓட்டை விளிம்பில் விழும் இணைகளையும் விடுங்கள். இல்லையென்றால் காணாமல் போன பகுதி முழுவதும் விளிம்பில் குவியும்.

முக்கோணமே இல்லாத வெறும் புள்ளிகள்தான் இருக்கின்றன என்றால் கோஹிரன்ட் பாயின்ட் டிரிஃப்ட் முறையைப் பார்க்கலாம். அது எல்லாப் புள்ளிகளையும் எல்லாப் புள்ளிகளோடும் ஒப்பிடுவதால், 2,000 அல்லது 3,000 புள்ளிகளுக்குக் குறைத்த பிறகே கொடுங்கள்.

9. சரியா என்று அளந்து பாருங்கள்

முதலில் கண். ஒரு மெஷ்ஷின் முனைகளுக்கு அவற்றின் இடத்தைக் கொண்டே வண்ணம் பூசி, பொருத்தத்தின் வழியே மற்ற மெஷ்ஷுக்குக் கடத்துங்கள். வண்ணம் திட்டுத்திட்டாக வந்தால் பொருத்தம் கிழிந்திருக்கிறது. கைகளின் வண்ணம் இடம் மாறியிருந்தால் ஆறாம் படி.

அப்புறம் எண். சரியான முனைக்கும் நீங்கள் கண்ட முனைக்கும் உள்ள ஜியோடெசிக் தூரத்தை, பரப்பின் வர்க்க மூலத்தால் வகுத்து, நூறால் பெருக்கிக் கட்டுரைகளில் போடுகிறார்கள். மறுவலை செய்த ஃபாவுஸ்ட்டில் ஸூம்அவுட்டுக்கு 6 அளவிலும், அண்மைய கற்றல் முறைகளுக்கு 2க்குக் கீழேயும் பார்ப்பீர்கள். 2 என்பது உண்மையில் எவ்வளவு? வளர்ந்தவர் ஒருவரின் உடல் பரப்பு 1.8 சதுர மீட்டர் என்று வைத்தால் அதன் வர்க்க மூலம் 1.34 மீட்டர். அப்படியென்றால் 2 என்பது 2.7 சென்டிமீட்டர், ஓர் அங்குலத்துக்கு மேல். 6 என்றால் 8 சென்டிமீட்டர். அனிமேஷனுக்கு முதலாவது தாராளம். இடுப்பில் ஓர் அங்குலம் தவறினால் கமர்ஷியல் ஸ்ட்ரீட் தையற்காரர் துணியைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். உங்கள் வேலைக்கு எத்தனை சென்டிமீட்டர் வரை பொறுக்கலாம் என்று முதலிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

சராசரியை மட்டும் நம்ப வேண்டாம். பிழையை மெஷ் மேல் வண்ணமாகப் போட்டுப் பார்த்தால் முதுகு முழுவதும் சரியாகவும் விரல்கள் மட்டும் சிதறியும் இருப்பது தெரியும்.

10. இதற்குப் பிறகு நியூரல் நெட்வொர்க்

டிஃப்யூஷன்நெட் என்ற நெட்வொர்க் கொண்டு விவரிப்பான்களைக் கற்று, அதே ஃபங்ஷனல் மேப்பில் கொடுப்பதுதான் இப்போது பரவலான வழி. மேலே உள்ளவை கைக்கு வந்திருந்தால் இது புரிய நாளாகாது. ஐகன் சார்புகளை ஒவ்வொரு முறையும் கணக்கிடாமல் ஒரு முறை கணக்கிட்டுச் சேமியுங்கள், அதுதான் நேரத்தைத் தின்னும்.

இங்கே ஒரு பொறியைத் தெரிந்தே ஆக வேண்டும். ஃபாவுஸ்ட்டின் 6,890 முனை மெஷ்கள் எல்லாவற்றிலும் முனைகளின் வரிசை ஒன்றே, முக்கோணங்களும் ஒன்றே. நெட்வொர்க் உருவத்தைப் படிக்காமல் இந்த ஒற்றுமையைப் பிடித்துக்கொண்டு அற்புதமான எண் காட்டும். உங்கள் சொந்த ஸ்கேனைக் கொடுத்த அன்றே சரிந்துவிடும். அதனால் மறுவலை செய்த பதிப்பைத்தான் எடுக்க வேண்டும். ஒரே ஆளின் சில நிலைகளைப் பயிற்சிக்கும் மற்றவற்றைச் சோதனைக்கும் பிரிக்காதீர்கள், ஆள் வாரியாகப் பிரியுங்கள். ஒரு தொகுப்பில் பயிற்றுவித்ததை வேறு தொகுப்பில் சோதித்த எண்ணையும் அறிக்கையில் சேருங்கள்.

11. நேரக் கணக்கு

மாலை நேரத்தில் மட்டும் உட்காருபவருக்கு: முதல் வாரம் ஆவணங்களும் நிறுவலும். இரண்டாம், மூன்றாம் வாரம் மெஷ் சுத்தமும் லாப்லாசியனும். இதை ஒரு வாரத்தில் முடிக்கப் பார்க்காதீர்கள். நான்காம் வாரம் ஃபங்ஷனல் மேப்பும் ஸூம்அவுட்டும். சீரமைத்தலுக்கு இன்னும் இரண்டு வாரம், அளவிட ஒரு வாரம். நெட்வொர்க்குக்கு ஒரு மாதம் தனியாக வையுங்கள். அலுவலகத்தில் தேதி கேட்டால் உங்கள் சொந்த ஸ்கேன்களில் முதல் பத்தைச் சுத்தம் செய்து பார்த்த பிறகே சொல்லுங்கள். ஒரு ஸ்கேனுக்கு எத்தனை நிமிடம் கைவேலை பிடிக்கிறது என்பது அப்போதுதான் தெரியும், மொத்தத் திட்டத்தின் நீளம் அந்த எண்ணைப் பொறுத்தது.